சீயமங்கலம் சமணக் குன்று

சீயமங்கலம், திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசி வட்டத்தில் தேசூருக்கு அருகில் உள்ள சிற்றூர். செஞ்சி வட்டாரத்துக்கே உரிய பாறைக்குன்றுகளை இங்கும் காணலாம். முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குடைவித்த அவனிபாஜன பல்லவேசுவரம் என்னும் சிவன் குடைவரையால் ஊர் பெயர் பெற்றது. அதன் தூணில் உள்ள ஆடும் சிவன், தமிழகத்தின் மிகப் பழைய நடராசர் சிற்பங்களுள் ஒன்று. குடைவரையைக் கண்டதும் திரும்பிவிடுவோருக்கு ஊரின் பாதி வரலாறு தவறிவிடுகிறது. மறுபாதி சமணக் குன்றின் மேல் இருக்கிறது.

சக ஆண்டு 815-இல், அதாவது கி.பி. 893 அளவில், மேலைக் கங்க மன்னன் இராசமல்லன் காலத்தில் இங்குச் சமணக் கோயில்கள் எடுக்கப்பட்டதைப் பாறைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி ஆகியோரின் புடைப்புச் சிற்பங்களும் குன்றில் உள்ளன.

சமண முனிவர் ஊரை விட்டுக் குன்றையும் காட்டையும் நாடியதற்குத் தனிமை மட்டும் காரணமன்று. மண், நீர், செடி ஆகியவற்றிலும் ஓரறிவுயிர் உண்டு என்பது அவர்கள் கொள்கை. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்றே தொல்காப்பியமும் வகுக்கிறது. ஆகவே நடப்பதே ஒரு நோன்பாயிற்று. முன்னே நான்கு முழ அளவு நிலத்தைப் பார்த்து, பகல் வெளிச்சத்தில், வெறுங்காலுடன் நடக்க வேண்டும். உட்காருமுன் சிற்றுயிர்களை விலக்க மயிற்பீலி. அதுவும் மயில் தானே உதிர்த்த இறகால் ஆனது. புல்லும் பூச்சியும் பெருகும் மழைக்காலத்தில் நான்கு மாதம் ஓரிடத்திலேயே தங்கிவிட வேண்டும். இயற்கையை ரசிப்பது வேறு. அதை மிதிக்காமல் கடக்கப் பழகுவது வேறு. பின்னதற்குக் கண்ணும் காலும் ஓயாமல் விழித்திருக்க வேண்டும்.

நடையே இப்படி என்றால், நின்றுவிட்டவரின் கதை பாகுபலியுடையது. முதல் தீர்த்தங்கரர் ரிஷபரின் மகனான பாகுபலி, நாட்டுக்காக அண்ணன் பரதனுடன் பொருது வென்றார். வென்ற நொடியிலேயே அரசை வெறுத்துக் காட்டில் ஓராண்டு அசையாமல் நின்றார். காலடியில் புற்று எழுந்தது, உடலில் கொடி படர்ந்தது. சினசேனரின் ஆதிபுராணம் இதை விரித்துரைக்கிறது. தமிழ்ச் சமணர் மணிப்பிரவாள நடையிலான ஸ்ரீபுராணத்தின் வழியாகவும் அறிவர். தான் நிற்கும் மண்ணும் பரதனுடையதே என்ற உறுத்தல் ஒன்றே அவருக்கு ஞானத்தைத் தடுத்தது என்றும், பரதனே வந்து வணங்கியபின் அது நீங்கியது என்றும் ஒரு வழக்கு உண்டு. கொடிக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதற்கு அவரும் ஒரு மரம்.

சீயமங்கலம் சிற்பத்தில் நின்ற கோலத்தில் இருக்கும் பாகுபலியின் உடலைக் கொடி சுற்றியிருக்கிறது. இருபுறமும் உள்ள பெண்கள் அவருடைய சகோதரிகளான பிராமியும் சுந்தரியும் என்பர். புடைப்புச் சிற்பமாதலால் மனிதரும் கொடியும் ஒரே பாறையிலிருந்து எழுகின்றனர். இதைக் காண்போருக்குச் சிரவணபெளகொள நினைவு வருவது இயல்பே. சுமார் 981-இல் அங்கே ஏறத்தாழ 57 அடி உயரப் பாகுபலியை எழுப்பிய சாமுண்டராயர், கங்க மன்னர்களின் அமைச்சரே. சீயமங்கலம் கல்வெட்டு அதற்கு 88 ஆண்டு மூத்தது.

குன்றின் மற்றொரு கல்வெட்டு பிற்காலத்தது. திராவிட சங்கத்து நந்தி சங்கம், அருங்கலான்வயம் என்னும் முனிவர் மரபில் வந்தவரும் மண்டலாசாரியர் குணவீரரின் மாணவருமான வச்சிரநந்தி யோகீந்திரர், மலைக்கு ஏறும் படிகளை அமைத்ததை அது பதிவு செய்கிறது.