மெகாபிட்டால் வகுத்த விலை: வீட்டு இணையக் கட்டண ஒப்பீட்டில் ஓர் அளவுகோலின் பிழை

வீட்டு இணையக் கட்டணத்தை நாடுவாரியாக ஒப்பிடும் ஆய்வுகளில் ஒரு பெரும்பிரிவு ஒரே வகுத்தலில் போய் முடிகிறது. மாதக் கட்டணத்தை, நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேகத்தால் வகுத்து, கிடைக்கும் ஈவுக்கு ‘மெகாபிட் விலை’ என்று பெயரிட்டு, நாடுகளை ஏறுவரிசையில் நிறுத்துவது அதன் வழக்கம். ஈவு எவ்வளவு சிறியதோ அந்நாட்டில் இணையம் அவ்வளவு மலிவு என்றும், அந்த மலிவு போட்டியின் விளைவு அல்லது அரசுக் கொள்கையின் வெற்றி என்றும் அந்த மரபு முடிவு கட்டுகிறது. இந்த முடிவுக்கு ஈவு இடம் தருவதாகத் தெரியவில்லை. ஒரு சந்தையில் எவ்வளவு உயர்ந்த வேகம் விற்பனைக்கு இருக்கிறது என்பதைத்தான் அது விலை என்ற பெயரில் திரும்பச் சொல்கிறது. குடும்பம் தாங்கும் செலவு அதில் ஏறக்குறைய பதிவாவதே இல்லை.

2023-இல் விற்பனையில் இருந்த மூன்று திட்டங்கள் இதைச் சோதிக்கப் போதுமானவை. இந்தியாவில் ஜியோஃபைபரின் 30 மெகாபிட் திட்டம் மாதம் 399 ரூபாய். 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் 471 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ருமேனியாவில் டிஜி நிறுவனத்தின் ஒரு கிகாபிட் ஃபைபர் இணைப்பு 40 லெய் அளவில். சுவிட்சர்லாந்தில் இனிட்7 நிறுவனத்தின் 25 கிகாபிட் இணைப்பு ஆண்டுக்கு 777 ஃபிராங்க், அதாவது மாதம் 64.75. அவ்வாண்டின் நாணய மாற்று விகிதத்தில் இவை முறையே சுமார் 5.70, 8.70, 72 டாலர். மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் இந்தியா முதலிடம், சுவிட்சர்லாந்து கடைசி. மெகாபிட் விலையில் வரிசை அப்படியே தலைகீழாகிறது: சுவிஸ் இணைப்பில் ஒரு மெகாபிட் 0.3 சென்ட்டுக்கும் கீழே, ருமேனியாவில் 0.9 சென்ட்டுக்குச் சற்றுக் கீழே, இந்தியாவில் 19 சென்ட். தனிநபர் மாத வருமானத்தில் எத்தனை விழுக்காடு என்று கேட்டால் மூன்றாவது வரிசை ஒன்று வருகிறது. ருமேனியா 0.6, சுவிட்சர்லாந்து 0.9, இந்தியா 2.7. ஒவ்வொரு அளவுகோலும் தனக்கென ஒரு வரிசையைத் தருகிறது. இம்மூன்றும் தத்தம் நாட்டுக்குப் பிரதிநிதிகள் என்று இங்கே கொள்ளப்படவில்லை. வரிசை எங்கே உடைகிறது என்று காட்டுவதே அவற்றின் வேலை.

சுவிஸ் திட்டத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் பிழையின் வேர் தெரியும். இனிட்7-இல் 1 கிகாபிட், 10 கிகாபிட், 25 கிகாபிட் மூன்றுக்கும் மாதக் கட்டணம் ஒன்றே. இணைப்பு தரும்போது ஒருமுறை வாங்கும் தொகையில்தான் வேறுபாடு. தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் கண்ணாடி இழையும் ஒன்றே. இரு முனைகளிலும் மாட்டும் ஒளியியல் கருவி மட்டும் மாறுகிறது. ஆனால் மெகாபிட் விலை இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. 25 கிகாபிட்டைக் கையாளும் ரூட்டர் இல்லாத, வைஃபை வழியே தொலைபேசியில் படம் பார்க்கிற ஒரு வீட்டுக்கு இந்தக் குறைவால் ஒரு ஃபிராங்க்கூட மிச்சமில்லை. முழுச் சாப்பாட்டின் விலையை இலையின் அகலத்தால் வகுத்துவிட்டு, அகல இலை போடும் கடையே மலிவு என்று சொல்வதைப் போன்றது இது.

இது ஒரு விசித்திர நிறுவனத்தின் தனி வழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. நிலையான இணைப்பின் செலவு எங்கே விழுகிறது என்பதோடு அது பொருந்திப் போகிறது. பள்ளம் தோண்டுவது, குழாய் பதிப்பது, கம்பம் நடுவது, கட்டடத்துக்குள் கம்பி இழுப்பது ஆகியவையே செலவின் பெரும்பகுதி. அவை இணைப்புக்கு இவ்வளவு என்று ஆகின்றனவே தவிர, வேகத்தைப் பொறுத்து ஏறி இறங்குவதில்லை. சிங்கப்பூரில் நெட்லிங்க் நிறுவனம் வீடுகளுக்கான இழையைச் சேவை நிறுவனங்களுக்கு ஒழுங்குபடுத்தப்பட்ட மாத வாடகைக்கு விடுவதும் இணைப்புக் கணக்கில்தான். அதன்மேல் ஓடும் வேகத்துக்கு ஏற்ப வாடகை மாறுவதில்லை. சில்லறைச் சந்தையில் 100, 300, 1000 என்று படிக்கட்டு வைத்து விற்பது வாடிக்கையாளர்களைத் தரம் பிரிக்கும் உத்தி. படிகளுக்கு இடையிலான விலை வேறுபாடு செலவு வேறுபாட்டைக் காட்டுவதாக எடுத்துக்கொள்ள இடமில்லை.

ஆஸ்திரேலியாவை எதிர்ச்சான்றாகக் காட்டலாம். அங்கு அரசுக்குச் சொந்தமான என்பிஎன் வலையமைப்பு, சில்லறை நிறுவனங்களிடம் இணைப்புக்கு ஒரு தொகையும், அவை வாங்கும் மொத்தக் கொள்ளளவுக்கு மெகாபிட் கணக்கில் இன்னொரு தொகையும் பல ஆண்டுகள் வசூலித்தது. ஆக, அங்கே மெகாபிட்டுக்கு உண்மையிலேயே ஒரு விலை இருந்தது. ஆனால் அது கணக்கேட்டில் வைத்த விலை. அதன் விளைவும் தெரிந்ததே: சில்லறை நிறுவனங்கள் கொள்ளளவைக் குறைத்து வாங்கின, மாலை நேரங்களில் இணைப்புகள் திணறின, 2017-இன் இறுதியில் என்பிஎன் தள்ளுபடி தர நேர்ந்தது. 2023-இல் ஏற்கப்பட்ட புதிய கட்டண ஏற்பாடு அந்த மெகாபிட் கட்டணத்தைப் படிப்படியாகக் கைவிடுகிறது. எதிர்ச்சான்று இதற்குமேல் தாங்காது.

ஈவின் பகுதியில், அதாவது வேகத்தில், இருக்கும் சிக்கல் வேறு வகையானது. விளம்பர வேகத்தை எடுத்துக்கொள்ளும் ஆய்வுகள் உண்டு. பிரிட்டனில் 2018 மே வரை, வாடிக்கையாளரில் பத்தில் ஒருவருக்குக் கிடைத்தாலே ஒரு வேகத்தை ‘அதிகபட்சம்’ என்று விளம்பரம் செய்ய முடிந்தது. அதன்பின் இரவு 8 முதல் 10 மணி வரையிலான நெரிசல் நேரத்தில் குறைந்தது பாதிப் பேருக்குக் கிடைக்க வேண்டும் என்று விதி மாறியது. கம்பி மாறாமல், கட்டணம் மாறாமல், விளம்பர வேகம் இறங்கியது. மெகாபிட் விலையை மட்டும் பார்க்கும் ஓர் அட்டவணைக்கு இது விலையேற்றமாகவே தெரியும்.

தென்கொரியாவில் 2021-இல் எழுந்த சர்ச்சை இன்னும் கூர்மையானது. கேடி நிறுவனத்தின் 10 கிகாபிட் திட்டத்துக்கு மாதம் 88,000 வோன் செலுத்திவந்த ஒரு யூட்டியூபர், தன் இணைப்பில் 100 மெகாபிட் மட்டுமே வருவதைச் சோதித்து ஏப்ரலில் வெளியிட்டார். விளம்பர வேகத்தால் வகுத்தால் மெகாபிட்டுக்கு 8.8 வோன், வந்த வேகத்தால் வகுத்தால் 880 வோன். அரசு விசாரணையில், உத்தரவாதமளித்த குறைந்தபட்ச வேகத்தைச் சரிபார்க்காமலே இணைப்பு தரப்பட்டிருந்ததும் வெளிவந்தது. ஜூலையில் சுமார் 50 கோடி வோன் அபராதம் விதிக்கப்பட்டது. 10 கிகா திட்டங்களின் உத்தரவாத வேகம், விளம்பர வேகத்தின் 30 விழுக்காட்டிலிருந்து 50 ஆக உயர்த்தப்பட்டது. உலகத் தரவரிசைகளில் முன்னணியில் வைக்கப்படும் ஒரு நாட்டில், உத்தரவாதமே பாதி வேகத்துக்குத்தான் என்பது அந்த வரிசைகளில் எங்கும் பதிவாவதில்லை.

விளம்பரத்தை விட்டுவிட்டு அளந்த வேகத்துக்குப் போவது தீர்வு போலத் தோன்றும். ஆனால் யார் அளக்கிறார், எங்கிருந்து எதுவரை அளக்கிறார் என்பது உடனே குறுக்கே வருகிறது. ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட், பயனரே பொத்தானை அழுத்தித் தொடங்கும் சோதனை. பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து, அருகிலுள்ள சர்வரை நோக்கி ஓடுகிறது. அந்தச் சர்வர் பெரும்பாலும் சேவை நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும். எம்-லேப் சோதனை ஒற்றை இணைப்பில், நிறுவன வலையமைப்புக்கு வெளியே உள்ள சர்வர் வரை போகிறது. ஒரே வீட்டில் ஒரே மாலையில் இரண்டும் வேறு எண்களைத் தரலாம்; இரண்டுமே தத்தம் கேள்விக்குச் சரியான விடையாகவும் இருக்கலாம். ஊக்லா 2021 இறுதியில் தன் உலகக் குறியீட்டைச் சராசரியிலிருந்து இடைநிலை அளவுக்கு மாற்றியது நல்ல திருத்தம்தான். ஆனாலும் அது சோதனைகளின் இடைநிலை. புதிதாக ஃபைபர் போட்டவரும், இணைப்பு தடுமாறி எரிச்சலில் இருப்பவரும் அதில் மிகுந்திருப்பார்கள். ஐந்து ஆண்டாகப் பழைய செம்புக் கம்பியில் பேசாமல் காலம் தள்ளும் குடும்பம் அதில் இல்லை. அந்த எண்ணால், ஒரு நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து எடுத்த மலிவுத் திட்டத்தின் கட்டணத்தை வகுக்கும்போது, தொகுதி ஒரு கூட்டத்தையும் பகுதி இன்னொரு கூட்டத்தையும் குறிக்கின்றன. அந்தக் கட்டணத்தையும் அந்த வேகத்தையும் ஒருசேரப் பெறும் வீடு எதுவும் இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

தொகுதியும், அதாவது கட்டணமும், தூய்மையானதன்று. இந்திய விளம்பரங்களில் வரி தனி. பிரிட்டனில் 2016 அக்டோபர் இறுதி வரை தொலைபேசிக் கம்பி வாடகையைத் தனியே காட்டி, இணையம் மலிவென்று விளம்பரம் செய்ய முடிந்தது. தென்கொரியாவில் பட்டியல் விலைக்கும் மூன்றாண்டு ஒப்பந்த விலைக்கும் இடைவெளி பெரிது. அமெரிக்காவில் மோடம் வாடகை மாதந்தோறும் பில்லில் ஏறும். இத்தகைய கட்டணங்களையெல்லாம் ஒரே சீட்டில் காட்ட வேண்டும் என்ற விதி அங்கே பெரிய நிறுவனங்களுக்கு 2024 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. இவையெல்லாம் அறிந்த குறைகளே, கவனமான ஆய்வாளர் சரிசெய்துகொள்ளக் கூடியவையும்கூட. அடிப்படைக் கோளாறு இவற்றில் இல்லை.

ஒரே நாட்டுக்குள் கால மாற்றத்தைக் காட்ட மெகாபிட் விலை உதவும் என்பது ஒரு வாதம். அங்கும் அது விலை வீழ்ச்சியைவிடக் கருவி மாற்றத்தையே காட்டுகிறது. பத்தாண்டு கழித்து அதே ரூபாயைக் கட்டுபவருக்கு இணையம் மலிந்துவிட்டது என்று சொல்ல, அவர் கையில் கூடுதலாக மிஞ்சிய பணம் எதுவும் சாட்சியாக இல்லை. தரத்தைக் கழித்துப் பார்க்கும் புள்ளியியல் மாதிரிகள் இதைச் சரிக்கட்டும் என்பது இன்னொன்று. அம்மாதிரிகள் வேகத்துக்குக் குறைந்துகொண்டே போகும் மதிப்பைத் தருகின்றன என்பதே, நேர்வகுத்தல் தவறு என்பதற்கு ஒப்புதல்.

அந்தக் குறைவுக்குக் காரணமும் உண்டு. 4கே தரத்தில் ஒரு படம் ஓட நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 மெகாபிட். நான்கு பேர் ஒரே நேரத்தில் பார்த்தாலும் 60-ஐத் தாண்டாது. இணையப் பக்கம் திறக்கும் நேரம், சில பத்து மெகாபிட்டுக்கு மேல், வேகத்தைவிடத் தாமதத்தையே சார்ந்தது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2024-இல் பிராட்பேண்டின் எல்லையை இறக்கத்தில் 100, ஏற்றத்தில் 20 மெகாபிட் என்று உயர்த்தியது தாராளமான வரையறை. அதற்கு மேலுள்ள ஒவ்வொரு மெகாபிட்டையும் முதல் மெகாபிட்டுக்குச் சமமாக எண்ணுவதுதான் வகுத்தல் செய்யும் வேலை.

ஆகவே வேகத்தை நிலைநிறுத்தி, அந்த வேகத்துக்கு ஒரு குடும்பம் கட்ட வேண்டிய குறைந்த முழுத்தொகை எவ்வளவு, அது வருமானத்தில் எத்தனை பங்கு என்று கேட்பதே முறை. ஓஇசிடி அமைப்பின் விலை ஒப்பீட்டுக் கூடைகள் வேகத்தையும் பயன்பாட்டையும் முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டு விலை தேடுவது இவ்வகையில் சரியான திசை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கூடையும் கேள்வியைச் சரியாகவே கேட்கிறது: நுழைவுத் திட்டத்தின் கட்டணம், வரியோடு, மாத வருமானத்தில் எத்தனை விழுக்காடு? 2025-க்குள் அது 2 விழுக்காட்டுக்குக் கீழே வர வேண்டும் என்பது ஐநா பிராட்பேண்ட் ஆணையத்தின் இலக்காக இருந்தது. குறை, தரையை மிகத் தாழ்வாகப் போட்டதில்: மாதம் 5 ஜிபி, நொடிக்கு 256 கிலோபிட். மேலும் நாட்டின் சராசரி வருமானத்தை வகுத்தியாக வைப்பதால், மேலே கணக்கிட்ட இந்தியாவின் 2.7 விழுக்காடு, சராசரிக்குப் பாதி சம்பாதிக்கும் வீட்டில் 5.4 ஆகிறது. இவை திருத்தக் கூடியவை. மெகாபிட் விலைக்கு அத்தகைய திருத்தம் ஏதுமில்லை.

டாலரில் மாற்றுவதன் ஆபத்தும் இதோடு சேர்ந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் 200 ரூபாய் அளவில் இருந்த இலங்கை நாணயம், மே மாதத்தில் 360-ஐ ஒட்டியது. 2023 டிசம்பரில் அர்ஜென்டினா பேசோ ஒரே நாளில் பாதிக்கு மேல் மதிப்பிழந்தது. அம்மாதங்களில் எடுத்த டாலர் அட்டவணையில் இரு நாடுகளும் மலிவுப் பட்டியலில் மேலேறும். அங்கே வாழ்ந்தவர்களுக்கோ எல்லாச் செலவும் இறுகிய காலம் அது. வருமானப் பங்கு இந்தத் தடுமாற்றத்திலிருந்து பெருமளவு தப்புகிறது, ஏனெனில் கட்டணமும் வருமானமும் ஒரே நாணயத்தில் இருக்கின்றன.

இலங்கையில் நெடுங்காலம் வீட்டு இணையம் வேகத்தால் விற்கப்படவில்லை. பகலுக்கு இத்தனை ஜிபி, இரவுக்கு இத்தனை ஜிபி என்று விற்கப்பட்டது. இந்தியத் திட்டங்களிலும் ‘அன்லிமிடெட்’ என்பதன் அடியில் நியாயப் பயன்பாட்டு வரம்பு இருக்கிறது. ஜியோஃபைபரில் அது மாதம் 3,300 ஜிபி. வரம்பு தாண்டிய நாட்களுக்கு எந்த வேகத்தால் வகுப்பது என்பதற்கு அந்த ஆய்வு மரபில் விடை இல்லை. இணைப்பே கிடைக்காத வீடுகளைப் பற்றியும் இல்லை. 2011 கணக்கெடுப்பிலேயே 24 கோடிக்கு மேல் குடும்பங்கள் இருந்த இந்தியாவில், 2024 வாக்கில் கம்பிவழி பிராட்பேண்ட் இணைப்புகள் அலுவலகங்களையும் சேர்த்துச் சுமார் 4 கோடி. மற்ற வீடுகளுக்கு இணையம் என்பது கைபேசி டேட்டாவே. அவர்களுள் ஃபைபர் தெருவைத் தொடாத பகுதியில் இருப்பவர்களுக்கு 399 ரூபாய் ஒரு கட்டணமே ஆகாது. நாடுகளின் வரிசையில் இந்தியாவுக்கு எந்த எண்ணைக் கொடுத்தாலும், அந்த எண்ணுக்குப் பக்கத்தில், அது எத்தனை வீடுகளுக்குப் பொருந்தும் என்ற இன்னொரு பத்தியும் இருந்தாக வேண்டும்.