மீஸானில் இருந்து பார்கோட் வரை



புறக்கோட்டைக் கடைகளில் நாம் வாங்கும் பல பொருட்களின் பார்கோடுக்குக் கீழே 479 என்று தொடங்கும் 13 இலக்கங்கள் இருக்கும். 479 என்றால் அந்த இலக்கம் இலங்கையில் பதிவானது என்று அர்த்தம். கடைசி இலக்கமோ பொருளைப் பற்றி எதையும் சொல்வதில்லை. முன்னாலுள்ள 12 இலக்கங்களும் பிழையின்றிப் பதியப்பட்டனவா என்று பார்ப்பதே அதன் வேலை. அதைச் சரிபார்ப்பு இலக்கம் என்கிறோம்.

இதன் வேர் ஆயிரம் வருடம் பழையது. கி.பி. 1000 அளவில், ஈரானின் கீலான் பகுதியைச் சேர்ந்த கூஷ்யார் இப்னு லப்பான், இந்திய எண்களால் கணக்குப் போடும் முறையை அரபியில் நூலாக எழுதினார். அக்காலத்து அறிஞர்கள் விடையைச் சோதிக்க ஒன்பதால் வகுத்து மீதியைப் பார்த்தார்கள். அந்தச் சோதனைக்கு அவர்கள் வைத்த பெயர் மீஸான், அதாவது தராசு. சூரா அர்ரஹ்மானில் நாம் ஓதும் அதே சொல்.

347 × 26 = 9022 சரியா? 3+4+7=14, ஒன்பது போக 5. 2+6=8. 5×8=40, ஒன்பதால் வகுத்தால் மீதி 4. விடையின் இலக்கங்களைக் கூட்டினால் 13, ஒன்பது போக அதுவும் 4. தராசு சமம்.

ஆனால் 9022ஐ 9202 என்று மாற்றி எழுதினாலும் மீதி 4தான். இடம் மாறிய இலக்கங்கள் இந்தத் தராசுக்குத் தெரியாது.

அந்தக் குறையைப் பெரும்பாலும் தீர்த்த ஒருவர் ஹான்ஸ் பீட்டர் லூன். ஜெர்மனியில் பிறந்த இவர் புடவைத் தொழிலில் இருந்தவர், துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணும் கருவியைச் செய்தவர். பிறகு ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார். ஒன்று விட்டு ஒரு இலக்கத்தை இரட்டித்துக் கூட்டி, பத்தால் வகுக்கும் அவரது முறைக்கு 1954இல் விண்ணப்பித்து, 1960இல் காப்புரிமை பெற்றார். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் அது பிடித்துவிடும். 09, 90 மாத்திரம் தப்பும். நமது வங்கி அட்டைகளில் இன்றும் இருப்பது அந்த முறைதான்.

பார்கோடை வீட்டிலேயே சோதிக்கலாம். இடமிருந்து 13 இலக்கங்களையும் 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். பைதன் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு இது நல்ல முதல் பயிற்சி. மீதியைத் தருவது % என்ற ஒரே குறிதான்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த இலக்கம் கைதவறலைப் பிடிக்கும், பொய்யைப் பிடிக்காது. முறை தெரிந்தவன் போலி இலக்கத்துக்கும் பொருத்தமான கடைசி இலக்கத்தைப் போட்டுவிடுவான். ஆகவே ஓர் அட்டை இலக்கம் "சரியானது" என்று இணையத்தளம் காட்டினால், அதை நம்பிப் பொருளையோ பணத்தையோ கொடுத்துவிடாதீர்கள். கணக்கு சரியாக இருப்பது வேறு, கணக்கு நேர்மையாக இருப்பது வேறு. முதலாவதைக் கணினி பார்க்கும். இரண்டாவது நம் பொறுப்பு.