கையடக்க வானொலியும் கூரைக் கம்பியும்

வோக்கிரோக்கி என்றதும் நம்மவரின் நினைவுக்கு முதலில் வருவது, இடுப்பில் கருவியோடு சைக்கிளில் போகும் ஒரு பெடியனின் உருவம்தான். அக்கருவிக்கு வழிகோலிய இருவரில் ஒருவர், நாம் வந்து ஒதுங்கிய இந்த ரொறன்ரோவில் பிறந்தவர் என்பதை இங்கு யாரும் அதிகம் பேசுவதில்லை. ருமேனியாவிலிருந்து வந்த யூதக் குடியேறிகளின் மகனாக 1918இல் பிறந்த அல் குரோஸ் அவர். சிறுவயதிலேயே குடும்பம் அமெரிக்காவின் கிளீவ்லண்டுக்குப் போய்விட்டது. 1938இல், இருபது வயதில், கையில் பிடித்துப் பேசும் வானொலியைச் செய்துகாட்டினார். மற்றவர் டொனால்ட் ஹிங்ஸ். இங்கிலாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். 1937இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு சுரங்கக் கம்பனிக்காக, காட்டுக்குமேல் பறக்கும் விமானிகளுக்கென்று ஒரு கருவி செய்தார். யார் முந்தியவர் என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. எனக்கு அதில் அக்கறையில்லை. என் அக்கறை கருவியின் தலையில் நிற்கும் கம்பியில்.

ஐந்து வாற் வலு போதாது என்று குறைப்படுவோர் பலர். மறைப்பு இல்லாவிட்டால் அந்த ஐந்து வாற் பூமியைச் சுற்றும் செய்மதிவரை போய்ச்சேரும். மறைப்புத்தான் பிரச்சினை. கருவியோடு வரும் குட்டை இறப்பர் அன்ரெனா, சட்டைப்பைக்கு வசதியாகச் செய்த சமரசம். பிடித்திருப்பவரின் உடம்பே அதற்கு மறுபாதியாக வேலை செய்கிறது. காருக்குள் இருந்தால் இரும்புக்கூடு அலையை மறித்துவிடும். ஆகவேதான் ரக்சிகளின் கூரையில் கம்பி நின்றது. உயரத்தில், வெளியில், நல்ல கம்பி ஒன்று கட்டினால் அதே ஐந்து வாற் வேறொரு கருவியாகிவிடும்.

ஆனால் கம்பி வெளியே வந்தால் கண்ணிலும் படும். இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பாவில் இயங்கிய உளவாளிகள் சூட்கேஸ் வானொலிகளோடு நீண்ட ஏரியல் கம்பிகளை இழுத்துக் கட்டவேண்டியிருந்தது. ஜேர்மனியரின் திசைகாண் வண்டிகள் தெருத்தெருவாகத் தேடின. பிடிபட்டவர்களின் கதையைச் சொல்லத் தேவையில்லை. இதற்கு அமெரிக்க உளவுத்துறை கண்ட மாற்று, ஜோன்-எலினோர் என்ற ஏற்பாடு. குரோஸும் அதில் பங்கெடுத்தார். உளவாளி கையில் ஒரு சிறு கருவி. வெளிக்கம்பி கட்டத் தேவையில்லை. மறுமுனை ஏறத்தாழ 30,000 அடி உயரத்தில் சுற்றும் விமானத்தில். கீழே கம்பி உயராதபடியால் ஆகாயத்தை உயர்த்திக்கொண்டார்கள் என்று சொல்லலாம். 1944 நவம்பரில் ஒல்லாந்தின் வானில் முதலில் பயன்பட்டது.

நமக்கு அப்படி விமானம் கிடைக்கவில்லை. தூரதர்ஷன் பிடிக்கக் கூரைக்குமேல் கம்பம் நட்ட ஊர் நமது. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பற்றறி இல்லாமல் போனபின், சைக்கிள் டைனமோவைச் சுற்றித் தமிழோசை கேட்ட ஊரும் அதுதான். கேட்பதற்கு ஒரு கம்பி, பேசுவதற்கு ஒரு கம்பி என்று சுற்றிவளைக்க வந்த சிப்பாய் பிரித்துப் பார்க்கமாட்டான். கூரையில் விளங்காத கம்பி நின்றால் வீட்டுக்காரன் பதில் சொல்லவேண்டும். இயக்கங்களும் இக்கருவியின் பெறுமதியை அறிந்திருந்தன. 1986 நவம்பரில் சென்னையில் பொலிசார் பறித்துப்போன தொலைத்தொடர்புக் கருவிகளைத் திருப்பித் தரும்படி கேட்டுத்தான் பிரபாகரன் உண்ணாவிரதம் இருந்தார். இரண்டாம் நாள் அவை திரும்பி வந்தன.

இனி ரொறன்ரோ. நகரின் நடுவே கட்டடங்கள் உயர்ந்து அலைகளை மறித்தபடியால் எழுந்ததுதான் சீ.என். கோபுரம். 1975இல் அதன் அன்ரெனாத் துண்டுகளை ஹெலிகொப்டர் தூக்கிவைத்தது, 1976இல் திறந்தார்கள். உயரம் 553 மீற்றர். ஒரு நகரமே தனக்கு வெளிக்கம்பி கட்டிக்கொண்ட கதை இது. ஆனால் அந்த நகரில் கையடக்க வானொலிக்குப் பெரிய அன்ரெனா பூட்டுகிறவருக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. கோபுரத்திலிருந்தும் மாடிகளிலிருந்தும் வரும் பலமான அலைகளெல்லாம் சிறு கருவிக்குள் ஒன்றாகப் புகுந்து அதைச் செவிடாக்கிவிடும். மெல்லிய கேபிள் என்றால் இன்னொரு நட்டம்: முப்பது மீற்றர் ஓடினால், ஐந்து வாற்றில் ஏறத்தாழ ஒன்றரைதான் மேலே போய்ச்சேரும். கடையில் சோடியாக விற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டாத கருவிகளில் அன்ரெனாவைக் கழற்றவே சட்டம் விடாது. ஹாம் பரீட்சை எழுதவேண்டும். 1990இலிருந்து அதன் முதற்படிக்கு மோர்ஸ் தேவையில்லை.

ஸ்காபரோவில் எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவர் அந்தப் பரீட்சை எழுதித் தேறியவர். கேக் வேகவைக்கும் இரும்புத் தட்டத்தின்மேல், கார்க்கூரையில் ஒட்டும் காந்த அடி அன்ரெனாவை நிறுத்தி, அரை மீற்றர்க் கம்பியைப் பல்கனிக்குக் கொண்டுவந்திருக்கிறார். தட்டம், காரின் கூரைக்குப் பதிலாக வேலை செய்கிறது. மலிவு, ஆனால் நல்ல யுக்தி. மேற்கே ஹமில்ரன்வரை பேசுகிறார். அனுமதிப்பத்திரம் கண்ணாடிச் சட்டத்தில் சுவரில் தொங்குகிறது. தட்டத்தை மட்டும் பொழுதுபட்ட பிறகுதான் வெளியே வைப்பார்.