இரண்டு பாம்புக் கப்பல்கள்

இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்தில் விக்டோரியா மகாராணி காலத்தின் இறுதியில் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்த இரண்டு போர்க்கப்பல்களைப் பார்ப்போம். ஒன்றின் பெயர் 'வைப்பர்', அதாவது விரியன். மற்றொன்று 'கோப்ரா', நம் நல்ல பாம்பு.

டார்பிடோ படகுகளை விரட்டிப் பிடிக்க உருவானவை நாசகாரிக் கப்பல்கள். வேகம்தான் அவற்றின் பலம். அதற்காக உடலை ஒல்லியாகவும் எஃகுத் தகட்டை மெல்லியதாகவும் வைத்தார்கள். இந்த இரண்டிலும் புதுமை ஒன்று இருந்தது: சார்லஸ் பார்சன்ஸ் கண்டுபிடித்த நீராவி டர்பைன். சோதனை ஓட்டத்தில் வைப்பர் மணிக்கு 36 கடல் மைலைத் தாண்டியது. அதாவது சுமார் 67 கிலோமீட்டர்!

ஆனால் இரண்டுக்கும் ஆயுள் கெட்டியில்லை. 1899 செப்டம்பரில் கடலில் இறங்கிய வைப்பர், 1901 ஆகஸ்ட் 3 அன்று போர்ப் பயிற்சியின்போது மூடுபனியில் ஆல்டர்னி தீவருகே பாறையில் மோதி நொறுங்கியது. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

ஆறே வாரங்களில் கோப்ராவின் முறை வந்தது. டைன் ஆற்றிலிருந்து போர்ட்ஸ்மத்துக்குப் புறப்பட்ட கப்பல், செப்டம்பர் 18 காலை கொந்தளித்த கடலில் இரண்டாக முறிந்தது. கப்பலில் இருந்த 79 பேரில் 12 பேர்தான் பிழைத்தார்கள். இறந்தவர்களில் பார்சன்ஸ் நிறுவன ஊழியர்களும் உண்டு.

புது இயந்திரம்தான் ராசியில்லை என்று பழி போட்டு முடித்திருக்கலாம். விசாரணை நீதிமன்றம் அப்படிச் செய்யவில்லை. பாறையில் மோதவில்லை, மாலுமிகள் வழி தவறவில்லை, கப்பலின் உடல்தான் பலவீனம் என்றது. அதன்பின் 'உல்ஃப்' என்ற இன்னொரு நாசகாரியை உலர்துறையில் முட்டுக் கொடுத்து நிறுத்தியும், கொந்தளிக்கும் கடலில் ஓட்டியும், உடல் எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது என்று அளந்து பார்த்தார்கள்.

டர்பைனைக் கடற்படை கைவிடவில்லை. 1906இல் கடலில் இறங்கிய புகழ்பெற்ற 'டிரெட்நாட்' அதில்தான் ஓடியது.

வைப்பரும் கோப்ராவும் ஒரு போரையும் பார்க்கவில்லை. ஆனாலும் அவை வீணாகவில்லை. விபத்துக்குப் பிறகு "யார் ராசி?" என்று கேட்காமல் "எது முறிந்தது?" என்று கேட்டார்களே, அதனால்தான். நம் வீட்டிலும் வளாகத்திலும் ஏதாவது பழுதானால் நாமும் முதலில் அதையே கேட்போமே!