தொண்டைப் புற்றுநோய்: பிழைத்த பிறகு வரும் நரம்புப் பிரச்சினை

தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை எடுத்து குணமானவருக்குப் பல வருடம் கழித்து நாக்கு ஒரு பக்கமாகச் சாய்கிறது. பேச்சு குழறுகிறது. தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது. பக்கவாதமோ, நோய் திரும்பிவிட்டதோ என்று வீடே பயப்படும். சில சமயம் இரண்டுமே இல்லை, பழைய கதிரின் விளைவுதான். இது ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது? கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

1895-ல் ராண்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். சில வருடங்களிலேயே அதைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஒரேயடியாக அதிகம் கொடுத்தால் கட்டியோடு நல்ல சதையும் வெந்தது. 1920களில் பாரிஸில் டாக்டர் ஆன்றி கூத்தார் கதிரைப் பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். குரல்வளையை வெட்டி எடுக்காமலே சிலர் குணமானார்கள். இன்றும் அடிப்படை அதுதான். பொதுவாக 70 கிரே அளவை 35 தவணைகளில், ஏழு வாரத்தில் கொடுக்கிறார்கள்.

1951-ல் கனடாவில் கோபால்ட்-60 சிகிச்சை ஆரம்பமானது. பழைய எக்ஸ் கதிரில் தோல் புண்ணாகி, 'போதும்' என்று எச்சரிக்கும். கோபால்ட் கதிர் தோலை அதிகம் சுடாமல் ஆழத்துக்குப் போனது. அதனால் உள்ளே இருந்த கட்டிகளுக்கும் போதிய அளவு கொடுக்க முடிந்தது. ஆனால் ஆழத்தில் இருக்கும் நரம்புக்கும் அதே கதிர்தான்.

நம் ஊரில், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டைத் தொடங்கினார். 1950களிலேயே கனடாவிலிருந்து அங்கே கோபால்ட் இயந்திரம் வந்தது. பூந்தமல்லி மாதிரி ஊர்களில் இருந்தவர்களுக்கும் இந்தச் சிகிச்சை பஸ் போகும் தூரத்தில் கிடைத்தது.

கதிர் பட்ட சதை வருடக்கணக்கில் மெல்ல நாராக இறுகுகிறது. நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் சிறு குழாய்கள் சுருங்குகின்றன. நாக்கு, குரல், விழுங்குதல், சில சமயம் தோள், கை என்று பாதிப்பு தெரியும். ஐந்து வருடத்திலும் வரலாம், பதினைந்து வருடத்திலும் வரலாம். நோயாளி அவ்வளவு காலம் உயிரோடு இருந்தால்தானே இது வெளியே தெரியும்! சிகிச்சை ஜெயித்ததால்தான் இந்தப் பிரச்சினையே கண்ணில் பட்டது.

இப்போது கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கதிரை வளைத்துக் கொடுக்கிறார்கள். பாதிப்பு குறைகிறது, முழுதாக ஒழியவில்லை. கெட்டுப்போன நரம்பைப் பெரும்பாலும் சரிசெய்ய முடியாது. ஆனால் விழுங்கும் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் உதவும்.

வணிகவியல் மாணவனாக ஒன்று சொல்கிறேன். பழைய பில்களைத் தூக்கிப் போடலாம், கதிர் சிகிச்சைக் காகிதங்களைப் போடாதீர்கள். எத்தனை வருடம் ஆனாலும், புதிதாகப் பார்க்கும் டாக்டரிடம் 'எனக்குக் கழுத்தில் கதிர் கொடுத்திருக்கிறார்கள்' என்று முதலில் சொல்லுங்கள்.