லைன் கிளியர்

"லைன் கிளியர் ஆகிவிட்டதா?" என்று ஒருவர் கேட்கும்போது அவர் மனத்தில் ரயில் இருப்பதில்லை. பெண் வீட்டாரின் சம்மதம், மேலதிகாரியின் கையெழுத்து, கட்சித் தலைமையின் பச்சைக்கொடி என எதற்கும் இத்தொடர் இன்று பொருந்திவிடுகிறது. (பச்சைக்கொடியும் ரயில் தந்த சொல்தான் என்பதை நாம் மறந்தே போனோம்.) ஆயினும் இது ஓர் அலுவலகச் செய்தியாகவே தோன்றியது. இரண்டு நிலையங்களில் அமர்ந்திருக்கும் இரண்டு பணியாளர்கள், ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்காமல், ஒரு கம்பியின் வழியே கேட்டுப் பெற்ற அனுமதி அது. குழுவாகப் பணியாற்றுவோருக்கான உரையாடல் செயலிகளில் எது சிறந்தது என்னும் பேச்சு இப்போது எங்கும் நடக்கிறது. அந்த ஒப்பீட்டை ஸ்லாக்கிலிருந்து தொடங்குவதைவிடத் திண்டிவனத்திலிருந்து தொடங்குவது பொருத்தம் என்பது நம் எண்ணம்.

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே தண்டவாளத்தில் ஏறத்தாழ 37 கிலோமீட்டர். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என நான்கு நிலையங்கள் நடுவே உள்ளன. தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் பாதை 1870களின் பிற்பாதியில் இவ்வழியே தெற்கு நோக்கிச் சென்றது. 1879இல் விழுப்புரத்திலிருந்து பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரிக்குக் கிளை பிரிந்தது. பிறகு காட்பாடிக்கு ஒன்று, திருச்சிக்குக் குறுக்குப் பாதையாக ஒன்று என, இன்று ஐந்து திசைகளில் தடங்கள் பிரியும் சந்திப்பாக விழுப்புரம் நிற்கிறது. ஐந்து திசைகளிலிருந்தும் வண்டிகள் வருமிடத்தில் வாய்ச்சொல் தவறினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பாதையோடு சேர்ந்து கம்பமும் கம்பியும் வந்தன. கல்கத்தாவில் ஓஷாகனெசி என்னும் மருத்துவர் 1850இல் முயன்று பார்த்த தந்தி, 1854இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தமிழ் அதற்குப் புதுச் சொல் தேடி அலையவில்லை. வீணையின் நரம்பைக் குறித்த 'தந்தி' என்னும் சொல்லையே எடுத்துக் கம்பத்தில் கட்டிவிட்டது. 'அடித்தல்' என்ற வினையும் உடன் சேர்ந்துகொண்டது. மார்கழிக் குளிரில் பற்கள் தந்தியடித்தன என்று எழுதும் கதாசிரியர், மோர்ஸ் கருவியின் ஓசையைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையின் காதைத் தம்மையறியாமல் கடன் வாங்குகிறார்! ஊராருக்குத் தந்தி என்றால் பெரும்பாலும் சாவுச் செய்தி. நிலைய அதிபருக்கோ அது நாள்தோறும் ஓயாத அலுவல்.

ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வருமானால் அவை சந்திக்க ஓர் இடமே உண்டு. அது நிலையமாக இருந்தாக வேண்டும். ஆகவே ஒரு நிலைய அதிபர் வண்டியை அனுப்புமுன் அடுத்த நிலையத்தாரைக் கேட்பார். முந்தைய வண்டி முழுமையாக வந்து சேர்ந்ததா, எதிரே எதையும் விடவில்லையே, தடம் வெறுமையாக உள்ளதா? அவர் "தடம் வெறுமை" என்று விடை தருவார். இதுவே லைன் கிளியர். கேட்ட நேரம், விடை வந்த நேரம், வண்டி புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம் எல்லாம் இரு முனைகளிலும் தனித்தனிப் பதிவேடுகளில் ஏறும். அப்பதிவேட்டில் அழித்து எழுதக் கூடாது. தவறாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரு கோடு கிழித்து, சுருக்கொப்பமிட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுத வேண்டும். தவறும் படிக்கும்படியாகவே இருக்க வேண்டும் என்பது விதி.

தடத்துணைக் கருவிகள் வந்தபின் சொற்களின் இடத்தை மணியோசை பிடித்தது. ஒரு மணி என்றால் 'கவனி'. இரண்டு, லைன் கிளியர் கேட்கும் கேள்வி. மூன்று, வண்டி உன் பக்கம் புறப்பட்டுவிட்டது. நான்கு, வந்து சேர்ந்துவிட்டது. ஐந்து, முன்னர் சொன்னதை விட்டுவிடு. ஆறு, ஆபத்து, எதையும் விடாதே. இத்தனை சிக்கனமான ஓர் அகராதியை வேறெந்த அலுவலகமும் வைத்திருந்ததாகத் தெரியவில்லை. நம்மை அதைவிட ஈர்ப்பது இன்னொரு நியமம்: அடித்த மணியை எதிர்முனையிலிருப்பவர் அதே எண்ணிக்கையில் திருப்பி அடிக்க வேண்டும். கேட்டேன் என்று சொன்னால் போதாது. எதைக் கேட்டேன் என்றும் சொல்லியாக வேண்டும்.

கருவி பழுதானால் தொலைபேசியிலே பேச வேண்டும். குரலை எப்படி நம்புவது? அதற்கென ஒரு தாள் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதில் வரிசை குலைந்த இரட்டை இலக்க எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அனுமதி தருபவர் தம் தாளில் அடுத்துள்ள எண்ணைச் சொல்லி, உடனே அதை அடித்துவிடுவார். கேட்டவர் அதை எழுதிக்கொள்வார். ஒருமுறை சொன்ன எண் மறுமுறை வராது. இதற்குத் 'தனி எண்' என்று பெயர். வங்கிகள் இன்று நம் கைப்பேசிக்கு அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லுக்கு இவ்வெண்ணை மூத்த உறவு எனலாம். எண் சொல்லாத அனுமதி அனுமதியே அல்ல, சொன்னவர் எத்தனை பெரிய அதிகாரியாக இருந்தாலும்.

தென்னகத்தின் ஒற்றைத் தடங்களில் நீல் என்பவர் பெயரால் வழங்கிய கருவி ஒன்றும் பரவலாக இருந்தது. அடுத்த நிலையம் இசைந்தால்தான் அதிலிருந்து ஓர் இரும்புப் பந்து உருண்டு வெளியே விழும். அந்தப் பந்தைத் தோல்பையில் இட்டு, பையை ஒரு பெரிய வளையத்தில் கட்டி, ஓடும் இஞ்சினின் ஓட்டுநர் கைக்கு நீட்டுவார்கள். பழைய வளையத்தை அவர் வீசிவிட்டுப் புதியதைத் தோளில் மாட்டிக்கொண்டு போவார். மீட்டர் பாதைக் காலத்தில் ரயில்நிலையத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இக்காட்சி மறந்திருக்காது. செய்தியைக் கையில் பிடிக்கக்கூடிய பொருளாக்கியது இக்கருவி. பந்து ஓட்டுநரிடம் இருக்கும்வரை அத்தடத்திற்கு இன்னொரு பந்து வெளிவராது. அனுமதி ஒன்றே என்பதற்கு இரும்பே சாட்சி!

இவையெல்லாம் இருவருக்கிடையேயான பேச்சு. பலர் கூடிய பேச்சும் ரயில்வேயில் நெடுங்காலமாக உண்டு. கட்டுப்பாட்டு அறையிலிருந்து புறப்படும் ஒரே தொலைபேசித் தடத்தில் ஒரு பகுதியின் நிலையங்கள் யாவும் கோக்கப்பட்டிருக்கும். கட்டுப்பாட்டாளர் வேண்டிய நிலையத்தை மட்டும் மணியடித்து அழைக்கலாம். ஆனால் பேச்சை, எடுத்துக் கேட்கும் எவரும் கேட்கலாம். அவர் முன்னே விரித்த வரைபடத்தில் ஒரு பக்கம் நேரம், ஒரு பக்கம் நிலையங்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. இரண்டு கோடுகள் வெட்டுமிடம் நிலையமாக இருக்கும்வரை எல்லாம் நலம். இதைக் குழு உரையாடல் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? 1960களில் தாம்பரம் முதல் விழுப்புரம் வரை மீட்டர் பாதை 25,000 வோல்ட் மின்சாரத்திற்கு மாறியது. இத்தகைய மின்தடங்களின் அருகே ஓடும் கம்பிகளில் பேச்சு கலங்கிவிடும் என்பதால், மின்மயமாகும் பாதைகளில் தகவல் தடங்கள் நிலத்தடி வடங்களுக்குள் சென்றன.

தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு ஜூலை மாத நடுவில் இந்தியாவில் முடிவுற்றது. அதற்கடுத்த மாதமே ஸ்லாக் தன் முதல் முன்னோட்டத்தை வெளியிட்டது. தற்செயல்தான், ஆனால் வரலாறு எழுதுவோருக்கு இத்தகைய தற்செயல்கள் இனிப்பானவை. இணைய விளையாட்டு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்த குழுவினர் தமக்குள் பேசிக்கொள்ள உண்டாக்கியதே ஸ்லாக். விளையாட்டு தோற்றது, பேச்சுக் கருவி பிழைத்தது. 2021இல் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் அதை ஏறத்தாழ 2,770 கோடி டாலருக்கு வாங்கியது. ஸ்லாக்கின் அறைகளும் அவற்றின் பெயர்முன் நிற்கும் குறியும் புதியவை அல்ல. 1988இல் பின்லாந்தில் பிறந்த ஐ.ஆர்.சி. என்னும் அரட்டை முறையின் வழித்தோன்றல்கள். மைக்ரோசாஃப்ட்டின் டீம்ஸ் 2017இல் வந்தது. சென்னையில் வேரூன்றிய ஜோஹோ அதே ஆண்டில் கிளிக் என்பதைக் கொணர்ந்தது. அலுவலகத்திற்குக் கிளிக் என்றும் வெளியுலகிற்கு 'அரட்டை' என்றும் ஜோஹோ பிரித்துக்கொண்டது. 2021இல் வந்த அரட்டை, 2025 செப்டம்பரில்தான் ஊரெங்கும் பேசப்பட்டது. "வேலையைப் பார், என்ன அரட்டை?" என்று அதட்டிய தலைமையாசிரியர்களை இப்பெயர் எப்படி வருத்துமோ!

ஆனால் விழுப்புரம் போன்ற ஊரில் ஒரு சிறு அச்சகமோ, நெல் மண்டியோ, தனியார் பள்ளியோ இவற்றில் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. வாட்ஸ்அப் குழு ஒன்று தானாகவே முளைத்துவிடுகிறது. காரணம் எளிது: எல்லோர் கையிலும் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டுத் திருமண அழைப்பும் அலுவலகச் சரக்குப் பட்டியலும் ஒரே சந்தையில், அடுத்தடுத்த கடைகளில். இங்கேதான் நம் நிலைய அதிபர் மீண்டும் நினைவுக்கு வருகிறார்.

வாட்ஸ்அப்பில் 2014 இறுதியில் நீலக் குறிகள் வந்தன. செய்தி பார்க்கப்பட்டது என்பதற்கு அவை அடையாளம். பார்க்கப்பட்டது வேறு, புரிந்துகொள்ளப்பட்டது வேறு, ஒப்புக்கொள்ளப்பட்டது வேறு. கட்டைவிரல் உயர்த்திய சிறு படம் இம்மூன்றில் எதைக் குறிக்கிறது என்று கேட்டால், அனுப்பியவரும் பெற்றவரும் வெவ்வேறு விடை சொல்வார்கள். மணியைத் திருப்பி அடிக்கும் நியமத்திற்கு ஈடான ஒன்று இச்செயலிகள் எதிலும் இயல்பாக அமையவில்லை. பணிக்குழு தானே வழக்கமாக்கிக்கொண்டால்தான் உண்டு.

அழித்தலைப் பாருங்கள். 2017 முதல் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை எல்லோரிடமிருந்தும் நீக்கலாம். 2023 முதல் பதினைந்து நிமிடத்திற்குள் திருத்தவும் செய்யலாம். நட்புக்கு இது நல்ல வசதி. பணிக்கு? "நாளை காலை ஆறு மணிக்கு லாரி" என்றது ஐந்தாக மாறிவிட்டால், பழைய எண்ணைப் படித்தவரிடம் அவர் படித்ததற்குச் சான்றில்லை. திருத்தப்பட்டது என்ற குறிப்பு மட்டும் எஞ்சும். கோடு கிழித்துச் சுருக்கொப்பமிடும் பதிவேடு இதனினும் நாகரிகமானது என்றே நமக்குத் தோன்றுகிறது. நினைவாற்றலில் ஸ்லாக், டீம்ஸ், கிளிக் ஆகியன மேலானவை. தேடினால் கிடைக்கும் பதிவு என்பதே ஸ்லாக்கின் பெருமை. எனினும் காசு கொடுக்காதவர்க்கு அதுவும் கடந்த 90 நாட்களைத்தான் காட்டும். ஆக, அச்சகக்காரர் சென்ற பொங்கலுக்கு என்ன தாள் வாங்கினார் என்பதை ஸ்லாக்கில் தேடுவதைவிடத் தம் பழைய நோட்டில் தேடுவதே விரைவு.

எல்லை கடந்த பேச்சும் ஒரு பழைய சிக்கல். திண்டிவனம் சென்னைக் கோட்டத்தைச் சேர்ந்தது. விழுப்புரம் திருச்சிக் கோட்டத்தைச் சேர்ந்தது. இந்த 37 கிலோமீட்டருக்குள் வண்டி ஒரு நிர்வாகத்திடமிருந்து இன்னொரு நிர்வாகத்தின் கைக்கு மாறுகிறது. இரு நிறுவனத்தாரும் ஒரே அறையில் பேசும் வசதியை ஸ்லாக் 2020இல் 'கனெக்ட்' என்ற பெயரில் விரிவாக்கியபோது புதுமையாகக் கொண்டாடப்பட்டது. இரண்டு கட்டுப்பாட்டு அறைகள் ஒரு சந்திப்பில் வண்டியைக் கைமாற்றுவது அதற்கு எவ்வளவோ முந்தியது.

இன்று ரயில்வே ஊழியர்களிடையேயும் வாட்ஸ்அப் குழுக்கள் உண்டு. சுற்றறிக்கைகள், விடுப்புகள், படங்கள் எல்லாம் அதில் ஓடுகின்றன. லைன் கிளியரை மட்டும் எவரும் அதில் கேட்பதில்லை. எந்தச் செய்தி எந்தக் கம்பியில் போக வேண்டும் என்ற இந்தப் பிரிவினை எளிதில் வந்ததல்ல. எந்தக் கருவியும் தானாக அறியாதவை உண்டு என்பதை உயிர்கள் கொடுத்துக் கற்றார்கள். 1956 நவம்பர் 23 அன்று, சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் கடந்து சென்ற தூத்துக்குடி விரைவு வண்டி அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்த இடத்தில் கவிழ்ந்தது. 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். நிலையங்கள் இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். நடுவில் நிற்கும் பாலத்திற்கு வாயில்லை. அதற்கு வாயாக இருப்பவை, மழையில் தடத்தின் மேல் நடந்து செல்லும் காவலர்களும், தூணில் வண்ணம் தீட்டிய அபாய அளவுக் கோடுமே.

2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று பொழிந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையே உள்ள 452ஆம் எண் பாலத்தில் நீர் அபாயக் கோட்டைத் தாண்டியது. அச்செய்தி உரிய கம்பியில் ஏறியது, வண்டிகள் நின்றன. பல ரத்தாயின, பல வழியிலேயே நிறுத்தப்பட்டன. தெற்கிலிருந்து வந்த சில வண்டிகள் விழுப்புரத்தில் திரும்பி, காட்பாடி வழியாகச் சென்னை சேர்ந்தன. பெட்டிகளுக்குள் அமர்ந்திருந்த பயணிகளோ, வண்டி ஏன் நிற்கிறது என்பதைத் தங்கள் கைப்பேசிக் குழுக்களில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்திருப்பர்.