உப்புத்தண்ணியும் பச்சை விளக்கும் – ஹார்ட் ரேட் மானிட்டர் வந்த கதை

ஓடறதுக்கும், எப்பவாவது சைக்கிள் மிதிக்கறதுக்கும் ஒரு ஹார்ட் ரேட் மானிட்டர் வாங்கலாம்னு கிளம்பினா கடையில ரெண்டே கட்சிதான். ஒண்ணு, நெஞ்சைச் சுத்திக் கட்டற பட்டை. இன்னொண்ணு, மணிக்கட்டுல பச்சை வெளிச்சம் அடிக்கிற வாட்ச். ரெண்டும் கடைசியில ஒரே மாதிரி ஒரு எண்ணைத்தான் காட்டுது. அதனால பார்க்க அழகா இருக்கறதை வாங்கிட்டு வந்துடறோம். ஆனா ரெண்டும் அளக்கறது ஒரே விஷயத்தை இல்லை. ஒண்ணு மின்சாரத்தை அளக்குது, இன்னொண்ணு வெளிச்சத்தை. ரெண்டுக்கும் வேற வேற பூர்வீகம். அது தெரிஞ்சா எதை வாங்கறதுன்னு தானா விளங்கிடும்ங்கறது என் கருத்து. வாங்க, கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம்.

நூல், குண்டு, கடிகாரம்

நாடி பிடித்துப் பார்ப்பது நமக்குப் புதுசில்லை. சித்த வைத்தியர் மூன்று விரலை வைத்து வாதம், பித்தம், கபம் என்று நாடியின் நடையைப் பார்ப்பார். நிமிஷத்துக்கு எத்தனை என்பது அவருக்கு முக்கியக் கேள்வி இல்லை. ஐரோப்பாவிலும் ரொம்ப நாள் அப்படித்தான். எண்ணணும்னா வினாடி காட்டும் கடிகாரம் வேணுமே! 1600களின் தொடக்கத்தில் வெனிஸ் நகரத்தில் வைத்தியம் பார்த்த சான்டோரியோ, ஒரு நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டார். குண்டின் ஆட்டமும் நாடியும் ஒத்துப்போகும் வரை நூலை நீட்டிக் குறைப்பார். கடைசியில் நூலின் நீளம்தான் நாடிக் கணக்கு. "இன்னிக்கு உங்க நாடி ரெண்டு விரக்கடை கம்மி"ன்னு சொல்லியிருப்பாரோ என்னவோ :-)

நூறு வருஷம் கழித்து, 1707-ல், இங்கிலாந்து மருத்துவர் ஜான் ஃப்ளோயர் நாடி எண்ணுவதற்கென்றே ஒரு நிமிஷம் ஓடும் கடிகாரத்தைப் பற்றிப் புத்தகம் போட்டார். நிமிஷத்துக்கு இத்தனை துடிப்பு என்கிற கணக்கு மெதுவாக வைத்தியத்துக்குள் நுழைந்தது.

உப்புத்தண்ணிக் கட்சி

இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் மெல்லிய மின்சாரம் உடம்பில் பரவுகிறது. 1887-ல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் அதை மனிதத் தோலின் மேலிருந்தே பதிவு செய்து காட்டினார். அவருடைய செல்ல நாய் ஜிம்மியும் இந்த வரலாற்றில் ஒரு நட்சத்திரம். உப்புத்தண்ணி ஜாடியில் கால்களை வைத்துக்கொண்டு சமர்த்தாக நிற்கும். இது மிருகவதை இல்லையா என்று 1909-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது.

உப்புத்தண்ணி எதுக்கு? காய்ந்த தோல் மின்சாரத்தை லேசில் கடத்தாது. உப்பும் ஈரமும் சேர்ந்தால் கடத்தும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில வேணும்.

அடுத்து வந்தவர் நெதர்லாந்தின் லைடன் நகரத்து வில்லெம் ஐந்தோவன். 1901 வாக்கில் இவர் செய்த கருவியில்தான் ஈசிஜி கோடு தெளிவாகப் பதிந்தது. இன்னிக்கும் டாக்டர்கள் சொல்லும் பி, க்யூ, ஆர், எஸ், டி என்ற பெயர்கள் இவர் வைத்தவை. 1924-ல் நோபல் பரிசு. கருவியின் எடை சுமார் 270 கிலோ, இயக்க ஐந்து பேர். அதில் உட்காருகிறவர் கைகளையும் ஒரு காலையும் உப்புத்தண்ணியில் விட வேண்டும். இதைக் கட்டிக்கிட்டு ஓடறதாவது!

ஓடற உடம்பை அளந்தே தீரணும்னு நினைத்தவர் அமெரிக்காவின் நார்மன் ஹோல்ட்டர். மொன்டானா மாநிலத்து ஹெலெனா என்ற சின்ன ஊர்க்காரர். 1940களின் கடைசியில் 38 கிலோ எடையுள்ள ரேடியோ கருவியை முதுகில் மாட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில் ஏறி, தன் இதயத்தின் மின்சாரத்தைக் கம்பியில்லாமல் அனுப்பிக் காட்டினார். இன்று இதய நோயாளிகளுக்கு 24 மணி நேரம் மாட்டிவிடும் 'ஹோல்ட்டர்' இவர் பெயரில்தான்.

பனியில் பிறந்த பட்டை

நோயாளியிடமிருந்து இந்தக் கருவி ஆரோக்கியமானவன் நெஞ்சுக்கு வந்தது ஃபின்லாந்தில். 1970களின் நடுவில் ஔலு நகரத்துப் பனிச்சறுக்குத் தடத்தில், எலக்ட்ரானிக்ஸ் பேராசிரியர் செப்போ சைனயகங்காஸிடம் பயிற்சியாளரான ஒரு நண்பர் புலம்பினார்: வீரர்களின் துடிப்பைப் பயிற்சியின் நடுவே அளக்க வழியே இல்லை. நின்று விரல் வைத்து எண்ணுவதற்குள் துடிப்பு இறங்கிவிடும். பேராசிரியர் 1977-ல் பக்கத்து ஊரான கெம்பெலேயில் போலார் நிறுவனத்தைத் தொடங்கினார். 1982-ல் வந்தது ஸ்போர்ட் டெஸ்டர் பிஇ 2000. நெஞ்சில் பட்டை, கையில் வாட்ச், நடுவில் கம்பி கிடையாது. ஒவ்வொரு துடிப்புக்கும் பட்டை 5 கிலோஹெர்ட்ஸில் ஒரு சின்ன காந்தத் துடிப்பை அனுப்பும். எட்டும் தூரம் ஒரு மீட்டர் அளவுதான். கூட்டமாகச் சைக்கிள் ஓட்டினால் பக்கத்து ஆளின் துடிப்பு நம்ம வாட்ச்சில் தெரியும் கூத்தும் நடந்தது. பிற்பாடு சிக்னலுக்குக் குறியீடு வைத்து அதைச் சரி செய்தார்கள்.

1984 ஜனவரியில் மெக்ஸிகோ சிட்டியில் இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ மோசர் ஒரு மணி நேரத்தில் 51.151 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி உலக சாதனை படைத்தார். 1972-ல் எடி மெர்க்ஸ் வைத்திருந்த சாதனை 49.431. மோசரின் பின்னால் இருந்தவர் பேராசிரியர் கொன்கோனி, துடிப்பை வைத்துப் பயிற்சியின் எல்லையைக் கண்டுபிடிக்கும் சோதனையை 1982-ல் வெளியிட்டவர். துடிப்பு பார்த்துப் பயிற்சி செய்வது ஒரேயடியாக ஃபேஷன் ஆனது. சாதனைக்குப் பின்னால் வட்டத்தகட்டுச் சக்கரங்களும், அப்போது தடை செய்யப்படாத ரத்தமேற்றலும் இருந்தன. ரத்தமேற்றலை மோசரே 1999-ல் ஒத்துக்கொண்டார். மானிட்டருக்கு மட்டும் மொத்தப் புகழையும் கொடுத்துட முடியாது.

220-ஐ யார் சொன்னது?

கருவி வந்துடுச்சு. எண்ணை என்ன பண்றது? பெட்டியைப் பிரிச்சதும் வயசு கேக்கும், பெரும்பாலும் 220-லேருந்து அதைக் கழிச்சு "இதுதான் உன் உச்சம்"னு முடிவு கட்டிடும்.

இந்த 220 எங்கிருந்து வந்தது? 1971-ல் ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கெல் ஆகியோர் இதய நோயைத் தடுக்க உடற்பயிற்சி எப்படி உதவும் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். அதற்காகச் சுமார் பத்துப் பழைய ஆய்வுகளின் புள்ளிகளை ஒரு தாளில் குறித்து, கண்ணளவில் போட்ட கோடு அது. ராபர்க்ஸ், லேண்ட்வெர் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-ல் இதைத் தோண்டித் துருவினார்கள். இந்தச் சூத்திரத்துக்கென்று தனி ஆராய்ச்சி எதுவுமே நடந்திருக்கவில்லை! 2001-ல் டனாகா குழுவினர் 351 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, வயசை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழிக்கச் சொன்னார்கள். அது மேல். ஆனா அதுவும் சராசரிதான். ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு முன்னே பின்னே இருப்பது சகஜம், இருபது கூட நடக்கும்.

28 வயசுக்காரனுக்கு 220 கணக்கில் உச்சம் 192. அதில் 80 சதவீதம் 154. உண்மையான உச்சம் 178 என்றால் அவன் 154-ல் ஓடுவது 86 சதவீதத்துக்கும் மேலே. லேசான ஓட்டம்னு நினைச்சு தினமும் உயிரைக் கொடுத்துட்டிருப்பான். உச்சம் 205 என்றால் அதே 154 வெறும் 75 சதவீதம். எங்களோட காலையில ஓடற 45 வயசு நண்பர் ஒருத்தருக்கு வாட்ச் 181 காட்டுச்சு. கணக்குப்படி உச்சம் 175. பயந்து போய் ஓட்டத்தையே நிறுத்திட்டார். டாக்டர் ட்ரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்து, இதயத்துல ஒரு குறையும் இல்லை, உங்க உச்சமே 186-ன்னு சொன்ன பிறகுதான் ஷூவைத் திரும்ப எடுத்தார். ரெண்டு மாசம் போச்சு, ஒரு கழித்தல் கணக்கால.

பச்சை விளக்குக் கட்சி

வெளிச்சத்துக்கும் நீண்ட பூர்வீகம் உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் 1930களின் பிற்பகுதியில் தோல் மேல் விளக்கடித்து, ரத்தம் வந்து போகும்போது வெளிச்சம் கூடிக் குறைவதை அளந்தார். ரத்தம் பச்சை நிறத்தை நன்றாக உறிஞ்சும், அதனால்தான் வாட்ச்சில் பச்சை எல்.இ.டி. 2013-ல் வந்த மியோ ஆல்ஃபா ஓட்டக்காரர்களிடம் பேர் வாங்கியது. 2015-ல் ஆப்பிள் வாட்ச் வந்ததும் பட்டை இல்லாத காலம் தொடங்கியது.

சிக்கல் என்னன்னா, இது பார்ப்பது இதயத்தை இல்லை, மணிக்கட்டுக்கு வந்து சேரும் ரத்தத்தை. ஓடும்போது கை ஆடுகிறது, அதிலும் ரத்தம் அசைகிறது. நிமிஷத்துக்கு 170 காலடி வைத்தால், வாட்ச் சில சமயம் காலடியையே துடிப்பென்று நினைத்து 170 காட்டும். சைக்கிளில் ஹேண்டில்பாரைப் பிடித்த மணிக்கட்டு மடங்கி இறுகும், ரோடு வேற குலுக்கும். சட்டென்று வேகம் கூட்டினால் எண் பின்தங்கித்தான் வரும். சும்மா இருக்கும்போதும், ஒரே சீராக ஓடும்போதும் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும்.

அப்போ எதை வாங்க?

தினசரி நிதான ஓட்டம், உறக்கத் துடிப்பு, மொத்தத்தில் எப்படி இருக்கோம்னு பார்க்க வாட்ச் போதும். மணிக்கட்டு எலும்புக்கு ரெண்டு விரல் மேலே இறுக்கமாகக் கட்டுங்க. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பயிற்சியும் சைக்கிளும் உண்டுன்னா நெஞ்சுப் பட்டைதான். ப்ளூடூத், ஆன்ட் பிளஸ் ரெண்டும் இருக்கட்டும். ஒண்ணு போனுக்கு, இன்னொண்ணு சைக்கிள் கம்ப்யூட்டருக்கு. பட்டை நஞ்சு போகும், அதை மட்டும் தனியா மாத்த முடியுதான்னு பாருங்க. பட்டை உறுத்தினா மேல்கையில் கட்டும் ஆப்டிகல் பட்டை ஒரு நடுவழி.

கட்டறதுக்கு முன்னாடி பட்டையின் உள்பக்கத்தை நனைக்க மறக்காதீங்க. காய்ஞ்ச பட்டை முதல் சில நிமிஷம் கண்டபடி உளறும். வேர்த்த பிறகு தானா அடங்கும். ஜிம்மியின் ஜாடியும் ஐந்தோவனின் வாளியும் செய்த வேலையை நம்ம வேர்வை செய்யுது. சென்னை மாதிரி ஊர்ல அதுக்குப் பஞ்சமே இல்லை ;-)

எதை வாங்கினாலும் அமைப்புகளுக்குள்ள போய் அந்த 220 கணக்கை அழிச்சுட்டு உங்க உண்மையான உச்சத்தைப் போடுங்க. நாற்பது தாண்டினவங்க, சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கறவங்க அதைத் தனியா ஓடிக் கண்டுபிடிக்காம டாக்டர்கிட்ட ட்ரெட்மில் சோதனை செஞ்சுக்கறது நல்லது. நெஞ்சு வலி, தலைசுத்தல் வந்தா வாட்ச் என்ன காட்டினாலும் ஓட்டத்தை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

பி.கு: வேர்வை ஊறின பட்டையை வாராவாரம் துவைங்க. கூட ஓடறவங்க வாழ்த்துவாங்க. பட்டைக் கட்சியா, வாட்ச் கட்சியா, பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.